மூவாயிரம் கெஜ இடைவெளியும் ஒரு தவறான திருப்பமும்: 1969 'சீ ஸ்பிரிட்' கூட்டுப் பயிற்சி விபத்து – நிகழ்வு ஆய்வு

1969 ஜூன் 3, அதிகாலை 3.15 மணி. தென்சீனக் கடலில் ஆஸ்திரேலியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல் 'மெல்போர்ன்', அமெரிக்கக் கடற்படையின் நாசகாரிக் கப்பல் 'ஃபிராங்க் இ. எவன்ஸ்' மீது மோதி அதை நடுவில் இரண்டாக வெட்டியது. எவன்ஸின் முன்பாதி சில நிமிடங்களில் மூழ்கிவிட்டது. கப்பலில் இருந்த 273 பேரில் 74 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று சகோதரர்களும் உண்டு. மெல்போர்னில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

எதிரி என்று எவரும் இல்லை, புயலும் இல்லை. கடல் அமைதியாக இருந்தது. பௌர்ணமி கழிந்து மூன்றே நாள் ஆகியிருந்ததால் நிலவொளியும் இருந்தது. மெல்போர்ன் தன் வழிகாட்டு விளக்குகளை முழு வெளிச்சத்தில் எரியவிட்டிருந்தது. வானொலித் தொடர்பும் ஒழுங்காக இருந்தது; எச்சரிக்கை போனது, பதிலும் வந்தது. இத்தனை இருந்தும் மோதல் நடந்ததால்தான் கூட்டுப் பயிற்சிகளைத் திட்டமிடுகிறவர்கள் இந்த நிகழ்வை இன்றும் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பயிற்சியும் கப்பல்களும்

சீட்டோ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட தென்கிழக்காசிய ஒப்பந்த அமைப்பின் உறுப்பு நாடுகள் சேர்ந்து நடத்திய கடற்பயிற்சி 'சீ ஸ்பிரிட்'. மெல்போர்னைச் சுற்றி ஐந்து துணைக்கப்பல்கள் அமைந்தன: அமெரிக்காவின் எவன்ஸ், 'எவரெட் எஃப். லார்சன்', 'ஜேம்ஸ் இ. கைஸ்' ஆகிய மூன்று, நியூசிலாந்தின் 'பிளாக்பூல்', பிரிட்டனின் 'கிளியோபாட்ரா'. ஆக, ஒரு அணிக்குள் நான்கு கொடிகள். அணிக்குத் தளபதி ஆஸ்திரேலியக் கடற்படையின் ரியர் அட்மிரல் கிராப். மெல்போர்னின் கட்டளை அதிகாரி கேப்டன் ஜான் ஸ்டீவன்சன். எவன்ஸின் கட்டளை அதிகாரி கமாண்டர் மெக்லிமோர்.

மெல்போர்ன் ஏறக்குறைய 214 மீட்டர் நீளமும் 20,000 டன் எடையும் கொண்டது. எவன்ஸ் இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டில் சேவைக்கு வந்த சம்னர் வகுப்பு நாசகாரி. நீளம் சுமார் 115 மீட்டர், முழுச்சுமையில் எடை மூவாயிரம் டன்னைச் சற்றுத் தாண்டும். எடையில் ஆறு மடங்கு வித்தியாசம் உள்ள இரண்டு கப்பல்கள் இருட்டில் ஒன்றையொன்று சுற்றி இடம் மாறுவதுதான் அன்றிரவு நடந்த வேலை.

விமானக் காவல் நிலை என்றால் என்ன

விமானந்தாங்கியிலிருந்து விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் ஒரு சிறிய கப்பல் அதன் பின்னால், பெரும்பாலும் இடதுபுறப் பின்மூலையில், நெருக்கமாகத் தொடர்ந்து வரும். விமானம் கடலில் விழுந்தால் விமானியை உடனே மீட்பதற்காக. இதற்குப் பெயர் விமானக் காவல் நிலை. இரவில் அந்தக் கப்பலின் விளக்கு, இறங்கும் விமானிக்குத் திசை காட்டும் குறியாகவும் உதவும்.

இதில் பழகாதவர்களுக்குத் தெரியாத சங்கடம் ஒன்று உண்டு. விமானத்தை ஏவுவதற்குத் தாய்க்கப்பல், அதாவது விமானந்தாங்கி, காற்றை எதிர்கொண்டு திரும்ப வேண்டும். காற்று மாறினால் திசையும் மாறும், வேகமும் மாறும். அதனால் துணைக்கப்பல் தன் இடத்தைக் கணக்கிடும்போது தாய்க்கப்பலின் 'இப்போதைய' போக்கு எது என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாக உறுதிசெய்தாக வேண்டும். நீர்மூழ்கி எதிர்ப்புப் பயிற்சியில் முன்பக்கத்தில் காவல் வளையமாக நின்றுகொண்டிருந்த கப்பல், விமானம் ஏவும் கட்டளை வந்ததும் பின்பக்கத்துக்கு ஓடிவர வேண்டும். முன்னாலிருந்து பின்னாலுக்குப் போகும் இந்த இடமாற்றம்தான் ஆபத்தானது; போய்ச் சேர்ந்த பிறகு நின்று தொடர்வது அவ்வளவு கடினமில்லை.

இந்த ஆபத்தை மெல்போர்ன் ஏற்கெனவே சந்தித்திருந்தது. 1964 பிப்ரவரி 10 அன்று ஜெர்விஸ் விரிகுடாவுக்கு அப்பால், இதேபோல் விமானக் காவல் நிலைக்கு மாறும்போது ஆஸ்திரேலிய நாசகாரி 'வாயேஜர்' மெல்போர்னின் முகப்புக்குக் குறுக்கே வந்து வெட்டுப்பட்டது. 82 பேர் இறந்தார்கள்.

எச்சரிக்கைகள் எந்த மட்டம் வரை போயின

ஸ்டீவன்சன் வாயேஜரை மறந்துவிடவில்லை. பயிற்சி தொடங்கும்போதே ஐந்து துணைக்கப்பல்களின் கட்டளை அதிகாரிகளையும் விருந்துக்கு அழைத்து, வாயேஜர் விபத்து எப்படி நடந்தது என்று விவரித்தார். மெல்போர்னுக்கு அருகே இயங்கும்போது அதே நிலைமை உருவாகாமல் தவிர்க்கும் வழிகளை எழுத்திலும் கொடுத்தார். துணைக்கப்பல் எந்த இடமாற்றத்தைத் தொடங்கினாலும் முதல் திருப்பம் மெல்போர்னை விட்டு வெளிப்பக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று கிராப் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மே 31 அதிகாலையில் விமானக் காவல் நிலைக்கு அழைக்கப்பட்ட லார்சன், மெல்போர்னை நோக்கியே திரும்பியது. கடைசி நேர நடவடிக்கையால் மயிரிழையில் தப்பியது. இதன் பிறகு எல்லா துணைக்கப்பல்களுக்கும் மீண்டும் எச்சரிக்கை போனது. குறைந்தபட்ச இடைவெளி 2,000 கெஜத்திலிருந்து 3,000 கெஜமாக உயர்த்தப்பட்டது.

இந்த உயர்வு எவ்வளவு நேரத்தை வாங்கித் தந்தது? இரண்டு கப்பல்களும் ஆளுக்கு 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) வேகத்தில் நேருக்கு நேர் வருவதாக வைத்துக்கொள்வோம். சேரும் வேகம் 40 நாட், அதாவது வினாடிக்குச் சுமார் 20.6 மீட்டர். 2,000 கெஜம் என்பது 1,829 மீட்டர். அதைக் கடக்க 89 வினாடி. 3,000 கெஜம், அதாவது 2,743 மீட்டர், 133 வினாடி. கூட்டிய ஆயிரம் கெஜத்தின் மதிப்பு முக்கால் நிமிடம். அந்த முக்கால் நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும், நம்ப வேண்டும், வானொலியில் சொல்ல வேண்டும், எதிர்க்கப்பல் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும், சுக்கான் திரும்ப வேண்டும், பிறகு கப்பல் திரும்ப வேண்டும். 20,000 டன் கப்பலில் சுக்கானைத் திருப்பிய உடனே முகப்பு நகராது. முதலில் பின்பகுதிதான் எதிர்ப்பக்கம் ஒதுங்கும், கப்பல் பழைய திசையிலேயே இன்னும் கொஞ்ச தூரம் சறுக்கிக்கொண்டு போகும்.

எச்சரிக்கைகளின் அளவில் குறை சொல்ல முடியாது. விருந்து, எழுத்துக் கட்டளை, மறு எச்சரிக்கை, இடைவெளி உயர்வு என்று நான்கு தடவை சொல்லியாகிவிட்டது. ஆனால் விருந்து மேசையில் உட்கார்ந்தவர்கள் கட்டளை அதிகாரிகள். அதிகாலை மூன்று மணிக்கு எவன்ஸின் பிரிட்ஜில், அதாவது கப்பலை இயக்கும் மேல்தளத்தில், நின்றவர்கள் வேறு இருவர்.

அன்றிரவின் ஐந்து நிமிடங்கள்

ஜூன் 2 இரவு முழுவதும் நீர்மூழ்கி எதிர்ப்புப் பயிற்சி நடந்தது. மூன்று மணிக்குப் பிறகு 'டிராக்கர்' ரோந்து விமானம் ஒன்றை ஏவ மெல்போர்ன் தயாரானது. எவன்ஸுக்கு விமானக் காவல் நிலைக்கு வரும்படி கட்டளை போனது. கூடவே மெல்போர்னின் போக்கு எது என்பதும் நினைவூட்டப்பட்டது. அந்த இரவில் எவன்ஸுக்கு இது நான்காவது அழைப்பு. முந்தைய மூன்றும் சிக்கலின்றி முடிந்திருந்தன.

எவன்ஸ் அப்போது மெல்போர்னின் இடதுபுற முன்மூலையில் இருந்தது. கட்டளைப்படி அது இடப்பக்கம், அதாவது வெளிப்பக்கம் திரும்பி, பெரிய வட்டமடித்து மெல்போர்னைத் தன்னைக் கடந்து போகவிட்டு, பின்னால் சேர்ந்திருக்க வேண்டும். எவன்ஸ் வலப்பக்கம் திரும்பியது. மெல்போர்னை நோக்கி.

மோதும் போக்கில் வருகிறீர்கள் என்று மெல்போர்ன் வானொலியில் சொன்னது. எவன்ஸ் பெற்றுக்கொண்டதாகப் பதில் தந்தது. ஆனால் போக்கு மாறவில்லை. தன் முகப்புக்கு அடியிலேயே எவன்ஸ் வந்து நிற்கும் என்று கண்ட ஸ்டீவன்சன், முழு இடப்பக்கம் திரும்பக் கட்டளையிட்டு, அதை வானொலியிலும் சங்கொலியிலும் அறிவித்தார். ஏறக்குறைய அதே நேரத்தில் எவன்ஸ் முழு வலப்பக்கம் திரும்பியது. யார் முதலில் திரும்பினார்கள் என்பது உறுதியாகவில்லை. எதிர்க்கப்பல் திரும்புகிறது என்ற தகவல், தாங்கள் திரும்பத் தொடங்கிய பிறகே வந்ததாக இரண்டு பிரிட்ஜ்களும் சொல்லின. எவன்ஸ் மெல்போர்னின் முகப்பை நூலிழையில் கடந்திருந்தது. இரண்டு திருப்பங்களும் சேர்ந்து அதை மறுபடியும் அதே பாதையில் கொண்டுவந்து நிறுத்தின.

எதிரெதிரே வரும் இருவரில் ஒருவர் தன் இடப்பக்கமும் மற்றவர் தன் வலப்பக்கமும் ஒதுங்கினால் இருவரும் ஒரே பக்கத்துக்குத்தான் போவார்கள். தனித்தனியே பார்த்தால் அந்த இரண்டு திருப்பங்களுக்கும் காரணம் சொல்லலாம். சேர்த்து வைத்தால் மோதல். கடைசி அரை நிமிடத்தில் ஒருவர் செய்வதை அறியாமல் மற்றவர் செய்யும் எந்தத் தவிர்ப்பு நடவடிக்கையும் சூதாட்டம்தான்.

மோதலுக்குப் பிந்தைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது நன்றாகவே நடந்தது. மெல்போர்ன் உடனே நின்று படகுகளையும் மிதவை வளையங்களையும் ஹெலிகாப்டர்களையும் இறக்கியது. எவன்ஸின் பின்பாதியை மெல்போர்ன் ஆட்கள் கயிறு போட்டுத் தங்கள் கப்பலோடு கட்ட, அதிலிருந்தவர்கள் வலை வழியாக ஏறி வந்தார்கள். உயிர்பிழைத்தவர்கள் அனைவரும் அரை மணி நேரத்துக்குள் மீட்கப்பட்டார்கள். தேடல் மேலும் 15 மணி நேரம் தொடர்ந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் முன்பாதியில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் அல்லது அதற்குள் சிக்கிக்கொண்டவர்கள். அவர்களை எட்டவே நேரம் இருக்கவில்லை.

எவன்ஸின் பிரிட்ஜில் என்ன குறைந்தது

மெக்லிமோர் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அணியமைப்பில் எந்த மாற்றம் வந்தாலும் எழுப்பும்படி கட்டளை விட்டுத்தான் தூங்கப் போனார். கட்டளை வந்தபோது யாரும் அவரை எழுப்பவில்லை. பிரிட்ஜில் பொறுப்பிலிருந்த லெப்டினன்ட், அங்கே முறைவைத்து நிற்கும் காவலுக்கான தகுதித் தேர்வில் தேறாதவர். துணைக்கு நின்ற லெப்டினன்ட் முதன்முறையாகக் கடலுக்கு வந்தவர்.

நான்காவது முறை என்பதும் இங்கே பங்காற்றியிருக்கலாம். முதல் தடவை கட்டளை அதிகாரியை எழுப்புவார்கள். மூன்று தடவை ஒழுங்காக முடிந்தபின், இதற்குப் போய் அவரை எழுப்புவதா என்ற தயக்கம் வரும். காவல் மாறும்போது முந்தைய குழுவின் பழக்கம் கைமாறும். முந்தைய குழுவின் கவனம் கைமாறாது.

இடமாற்றக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்தால் தவறு எங்கே நுழையும் என்பது விளங்கும். அக்காலத்தில் இதற்குப் பயன்பட்டது வட்ட வரைதாள். கணினி வந்த பிறகும் கையால் போடப் பழக்குகிறார்கள். தாய்க்கப்பலைத் தாளின் நடுவில் வைத்து, தற்போது நாம் இருக்கும் திசைக்கோணத்தையும் தூரத்தையும் ஒரு புள்ளியாகக் குறிக்க வேண்டும். போய்ச் சேர வேண்டிய இடத்தை இன்னொரு புள்ளியாகக் குறிக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் கோடுதான் தாய்க்கப்பலின் பார்வையில் நாம் நகரும் பாதை. பிறகு நடுவிலிருந்து தாய்க்கப்பலின் போக்கையும் வேகத்தையும் அம்பாக வரைந்து, அதன் நுனியிலிருந்து அந்தப் பாதைக்கு இணையாக ஒரு கோடு இழுத்து, நாம் தேர்ந்த வேகத்தின் வட்டத்தை அது எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால் நமக்கான போக்கு கிடைத்துவிடும். பழகிய கைக்கு ஒரு நிமிட வேலை.

ஓர் உதாரணக் கணக்கு. தாய்க்கப்பலின் இடதுபுற முன்மூலையில் 45 பாகையில் 3,500 கெஜம் தள்ளி இருக்கிறோம். சேர வேண்டிய இடம் நேர்ப் பின்பக்கத்திலிருந்து 20 பாகை இடதாக, 1,000 கெஜம் பின்னால். இரண்டு புள்ளிகளையும் நேர்க்கோட்டில் இணைத்தால் அந்தக் கோடு வழியில் தாய்க்கப்பலுக்கு 790 கெஜம் வரை நெருங்குகிறது. அதாவது, கணக்கைச் சரியாகப் போட்டு நேர்வழியில் போனாலே, தாய்க்கப்பல் கடந்துபோகும் முன்பே 3,000 கெஜக் கட்டுப்பாடு உடைந்துவிடும். எனவே இதை ஒரே கோட்டில் செய்யக் கூடாது. முதலில் வெளியே விலகி, தாய்க்கப்பல் கடந்த பிறகு பின்னால் வந்து, அதன் பிறகே நெருங்க வேண்டும். 'முதல் திருப்பம் வெளிப்பக்கம்' என்ற கிராப்பின் கட்டளைக்குப் பின்னால் உள்ள கணக்கு இதுதான்.

இனி, தாய்க்கப்பலின் போக்கை நாம் தவறாக மனதில் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். ரேடாரில் அது தெரியும் திசை சரியாகவே இருக்கும். ஆனால் அது எந்தப் பக்கம் போகிறது என்ற எண்ணத்தில் நூறு பாகை பிசகினால், உண்மையில் இடதுபுற முன்மூலையில் இருப்பவர் தன்னை வலதுபுற முன்மூலையில் இருப்பதாக நினைத்துக்கொள்வார். அப்போது 'வெளிப்பக்கம் திரும்பு' என்ற விதியை உண்மையாகவே கடைப்பிடித்தாலும் அவர் திரும்பும் பக்கம் தாய்க்கப்பலின் குறுக்கேதான் இருக்கும். எவன்ஸின் பிரிட்ஜில் இருந்த இருவரும் மெல்போர்னைப் பொறுத்துத் தங்கள் இடம் எது என்ற தெளிவை இழந்திருந்தார்கள். அந்த நிலையில் விதியை எத்தனை முறை நினைவூட்டினாலும் பயனில்லை. நல்ல விதிதான், ஆனால் தன் இடம் தெரிந்தவனுக்குத்தான் அது உதவும்.

இதிலிருந்து பிறக்கும் நடைமுறை எளிது: கண்ணால் பார். இரவில் எதிர்க்கப்பலின் சிவப்பு விளக்கு தெரிந்தால் அதன் இடப்பக்கம் நமக்குத் தெரிகிறது என்று பொருள். பச்சை தெரிந்தால் வலப்பக்கம். வரைதாள் ஒன்றும் விளக்கு இன்னொன்றும் சொன்னால் விளக்கை நம்ப வேண்டும், சுக்கானைத் தொடாமல் கட்டளை அதிகாரியை எழுப்ப வேண்டும். மெல்போர்ன் விளக்குகளை முழு வெளிச்சத்தில் வைத்ததே இதற்காகத்தான்.

மெல்போர்னின் இக்கட்டு

விசாரணையில் மிகவும் அலசப்பட்டது ஸ்டீவன்சன் இன்னும் முன்னதாகத் திரும்பியிருக்கலாமா என்ற கேள்வி. பெரிய கப்பல் போக்கையும் வேகத்தையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்பதே அப்போதைய விதி. விலக வேண்டியவர் விலகுவார் என்று நம்பித்தான் மற்றவர் நிலையாக இருக்க முடியும். இருவரும் அசைந்தால் குழப்பம். விலக வேண்டியவர் மட்டும் செயல்பட்டு மோதலைத் தவிர்க்க முடியாது என்ற கட்டம் வரும்போதுதான் நிலையாக இருப்பவர் அசைய வேண்டியிருந்தது. அந்தக் கட்டம் எப்போது வந்தது என்பது பிற்பாடு மேசையில் உட்கார்ந்து சொல்வதற்கு எளிது.

1972-இல் உருவாகி 1977-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்மோதல் தடுப்பு விதிகளில் 17-ஆம் விதி இந்த இடத்தைத் தளர்த்தியது. விலக வேண்டிய கப்பல் தக்க நடவடிக்கை எடுக்கவில்லை என்று தெரிந்தவுடனேயே, கடைசிக் கட்டம் வரை காத்திருக்காமல், நிலையாக இருக்கும் கப்பலும் தன் இயக்கத்தால் மட்டுமே மோதலைத் தவிர்க்க நடவடிக்கை எடுக்கலாம்.

விசாரணை யாருடையது

அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடாவில் கூட்டு விசாரணை வாரியம் அமைத்தன. தலைவர் அமெரிக்க ரியர் அட்மிரல் ஜெரோம் கிங். எவன்ஸ் அப்போது சார்ந்திருந்த படைப்பிரிவின் தளபதியும் அவரே. தன் கீழிருந்த கப்பல் சம்பந்தப்பட்ட விசாரணைக்குத் தானே தலைமை தாங்கியது அப்போதே கடுமையாக விமர்சிக்கப்பட்டது. வாரியம் எவன்ஸ் மீது குற்றம் கண்டது. மெல்போர்ன் இன்னும் முன்னதாகவே தவிர்ப்பு நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது.

அடுத்து ஸ்டீவன்சன் மீது ஆஸ்திரேலியக் கடற்படையே ராணுவ நீதிமன்ற வழக்குத் தொடுத்தது. குற்றச்சாட்டுகள் இரண்டு: போக்கை மாற்றும்படி எவன்ஸுக்கு வெளிப்படையாக உத்தரவிடவில்லை, எஞ்சின்களை முழுப் பின்னோட்டத்தில் போடவில்லை. இரண்டாவது குற்றச்சாட்டு கடலோடிகளுக்கு விசித்திரமாகப் படும். நீராவிச் சுழலி எஞ்சினை முன்னோட்டத்திலிருந்து பின்னோட்டத்துக்கு மாற்ற நேரம் பிடிக்கும். அப்படி மாற்றும்போது சுக்கான் மீது பாயும் நீரோட்டம் குலைந்து திருப்பும் திறனும் குறையும். திருப்பித் தப்பப் பார்க்கும் கப்பல் அந்த நேரத்தில் எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டால் இரண்டும் கெட்டது. பதிலளிக்க வேண்டிய வழக்கே இல்லை என்ற வாதம் ஏற்கப்பட்டு அவர் கௌரவமாக விடுவிக்கப்பட்டார். ஆனாலும் பிறகு அவருக்குத் தரப்பட்ட பதவி சிறியது, அவர் விலகிவிட்டார். 2012-இல் ஆஸ்திரேலியப் பாதுகாப்பு அமைச்சர் அவருக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பினார். அமெரிக்கத் தரப்பில் மெக்லிமோரும் பிரிட்ஜில் இருந்த இரு லெப்டினன்ட்களும் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள்.

பன்னாட்டுப் பயிற்சிக்குப் போகும் எந்த நாடும் இதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்: விபத்து நடந்தால் விசாரணைத் தலைவர் எங்கிருந்து வருவார், ஆதாரப் பதிவுகள் யார் கையில் இருக்கும், ஒரு நாட்டு அதிகாரி இன்னொரு நாட்டு வாரியத்தின் முன் சொன்ன வாக்குமூலத்தை அவருடைய சொந்த நாட்டு வழக்கில் பயன்படுத்தலாமா. கப்பல் துறைமுகத்தை விட்டபின் இதைப் பேச முடியாது.

கட்டளை உண்டு, தகுதி பார்க்கும் அதிகாரம் இல்லை

இந்த நிகழ்வின் மையம் என்று நாங்கள் கருதுவது இதை. அணித் தளபதிக்கு எவன்ஸை எங்கே நிறுத்துவது என்று சொல்லும் அதிகாரம் இருந்தது. எவன்ஸின் பிரிட்ஜில் யார் நிற்கிறார்கள், அவர் தேர்வில் தேறியவரா, எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்கும் அதிகாரம் இல்லை. அது கொடி நாட்டின் உள்விவகாரம். வாயேஜர் விபத்தில் இரண்டும் ஒரே கடற்படையின் கப்பல்கள்; பயிற்சிமுறை ஒன்று, தண்டனைமுறை ஒன்று. கூட்டுப் பயிற்சியிலோ ஒரு நாட்டின் கட்டளை இன்னொரு நாட்டின் பயிற்சித் தரத்தின் மேல் போய் நிற்கிறது. அந்த இணைப்பில்தான் விரிசல் விழும்.

இதே இணைப்பில் பின்னாளில் வேறு வடிவங்களில் விரிசல் கண்டது. 1992 அக்டோபர் 1-2 இரவு ஏஜியன் கடலில் நேட்டோவின் 'டிஸ்பிளே டிடர்மினேஷன்' பயிற்சியில், அமெரிக்க விமானந்தாங்கி 'சாரடோகா' பாவனைத் தாக்குதலுக்காக ஏவுகணைக் குழுவைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது. இது ஒத்திகைதான் என்று குழுவில் சிலருக்குச் சொல்லப்படவில்லை. இயக்குநர்கள் இரண்டு முறை தெளிவு கேட்டும் பலனில்லை. இரண்டு 'சீ ஸ்பேரோ' ஏவுகணைகள் நிஜமாகவே பாய்ந்து, துருக்கிய நாசகாரி 'முவாவெனெட்'டின் கட்டளை அதிகாரி உட்பட ஐந்து பேர் இறந்தார்கள். 1996 ஜூன் 4 அன்று பசிபிக் பெருங்கடலில் நடக்கும் பன்னாட்டுக் கடற்பயிற்சியான 'ரிம்பாக்'கில், இலக்கை இழுத்துச் சென்ற அமெரிக்க 'இன்ட்ரூடர்' விமானத்தையே ஜப்பானின் 'யூகிரி' கப்பலின் தானியங்கித் துப்பாக்கி சுட்டு வீழ்த்தியது. விமானம் துப்பாக்கியின் எல்லையைத் தாண்டும் முன்பே சுடும் கட்டளை வந்துவிட்டது. விமானிகள் இருவரும் குதித்துத் தப்பினர். அவர்களை மீட்டதும் யூகிரிதான்.

காவல் அதிகாரி கட்டளை அதிகாரியை எழுப்பாத கதையும் முடிந்துவிடவில்லை. 2017 ஜூன் 17 அன்று ஜப்பானுக்கு அப்பால் சரக்குக் கப்பலுடன் மோதிய அமெரிக்க நாசகாரி 'ஃபிட்ஸ்ஜெரால்ட்'டில் ஏழு பேர் இறந்தார்கள். நிலையான உத்தரவு இருந்தும் அங்கேயும் கட்டளை அதிகாரிக்குத் தகவல் போகவில்லை. அது பயிற்சி அல்ல, வழக்கமான பயணம்; ஆனால் 48 ஆண்டுகள் கழித்தும் அதே இடைவெளி.

இன்றைய பயிற்சியில் இதை எங்கே கட்டுவது

இன்றைய கூட்டுப் பயிற்சிகளின் அளவைச் சொன்னால்தான் சிக்கல் புரியும். 2024 ரிம்பாக்கில் 29 நாடுகள், 40 மேற்பரப்புக் கப்பல்கள், 3 நீர்மூழ்கிகள், 150-க்கும் மேற்பட்ட விமானங்கள், 25,000-க்கும் மேற்பட்ட ஆட்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் இந்தியக் கடற்படை நடத்திய 'மிலன்' பயிற்சிக்கு ஐம்பது நாடுகள் அளவில் வந்தன. 1992-இல் இந்தியாவும் அமெரிக்காவும் தொடங்கிய 'மலபார்' இப்போது ஜப்பான், ஆஸ்திரேலியா சேர்ந்த நான்கு நாட்டுப் பயிற்சி. ஆண்டு முழுவதும் சேர்ந்து இயங்குகிற நேட்டோ கப்பல்களுக்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சந்திக்கிற கப்பல்களுக்கும் பழக்கம் ஒன்றாக இருக்காது. பொதுச் சைகைநூல் உண்டு. நேட்டோ அல்லாத நாடுகளுக்கென்றே வெளியிடப்பட்ட பதிப்பும் உண்டு. சைகை பொதுவாகிவிட்டது என்பதாலேயே பிரிட்ஜின் திறமையும் பொதுவாகிவிடாது.

துறைமுகக் கட்டத்தில் நடக்கும் புறப்பாட்டுக்கு முந்தைய கூட்டத்துக்குக் கட்டளை அதிகாரிகளோடு காவல் அதிகாரிகளும் வர வேண்டும். இடமில்லை என்றால் கப்பலுக்கு இருவர் போதும்; ஆனால் அந்த இருவர் இரவுக் காவல் நிற்பவர்களாக இருக்கட்டும். துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நாட்களிலேயே, பயிற்சி நிரலில் உள்ள இடமாற்றங்களைத் தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லி விடைகளை ஒப்பிடலாம். ஒரு மணி நேரத்தில் யாருக்குக் கை தடுமாறுகிறது என்று தெரிந்துவிடும். எந்தக் கொடியின் கௌரவமும் இதில் போகாது.

கடல் கட்டத்தில் முதல் நாள் பகலில் அகல இடைவெளியில் தொடங்கி, பிறகு இரவில் அகல இடைவெளி, அதன்பின்தான் இரவில் நெருங்கிய இடைவெளி என்று படிப்படியாகப் போக வேண்டும். நிரல் தாமதமானால் முதலில் வெட்டப்படுவது இந்தப் பகல் ஒத்திகைதான். வெட்டக் கூடாதது அதுவே.

கட்டளையைக் கேட்டதாகச் சொல்வதும் கட்டளையின்படி நடப்பதும் ஒன்றல்ல. எவன்ஸ் எச்சரிக்கையைக் கேட்டதாகப் பதில் சொன்னது. எனவே விமானந்தாங்கிக்கு அருகே இடம் மாறும் கப்பல், திரும்பும் முன் தான் திரும்பப்போகும் பக்கத்தையும் புதிய போக்கையும் தன் வாயால் வானொலியில் சொல்ல வேண்டும். தாய்க்கப்பல் சரி என்ற பிறகே சுக்கான் அசைய வேண்டும். பத்து வினாடி கூடும். வலம் என்று கேட்ட அந்த நொடியிலேயே மெல்போர்ன் தடுத்திருக்க முடியும். திரும்பிய பிறகு சொன்ன எச்சரிக்கைக்கு அந்தச் சக்தி இல்லை.

அதோடு, எந்தக் கப்பலின் எந்தப் பதவிக்காரரும் ஒரு சொல்லால் பயிற்சியை நிறுத்தும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். நிறுத்தும் சொல் ஒன்றே ஒன்றாகவும், எல்லா வானொலி வரிசைகளுக்கும் பொதுவாகவும் இருக்க வேண்டும். நிறுத்தும் சொல் கேட்டால் கப்பல்கள் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்: தாய்க்கப்பல் போக்கை வைத்துக்கொள்ளும், துணைக்கப்பல் வெளிப்பக்கம் விலகும், அல்லது வேறு ஏதாவது; எதுவானாலும் ஒன்றுதான். ஆளுக்கொரு பக்கம் திரும்பும் நிலைமை அப்போது வராது.

கட்டளை அதிகாரியை எழுப்பும் கேள்விக்கு வழி இருக்கிறது. இரவில் விமானந்தாங்கியை நெருங்கும் இடமாற்றத்துக்கு, துணைக்கப்பலின் கட்டளை அதிகாரியோ துணைக் கட்டளை அதிகாரியோ பிரிட்ஜில் இருப்பதை வானொலியில் உறுதிசெய்யாதவரை தாய்க்கப்பல் அனுமதி தர வேண்டியதில்லை என்று பயிற்சி ஆணையிலேயே எழுதலாம். அடுத்த கொடியின் காவல் அதிகாரி தேறியவரா என்று தளபதி கேட்க முடியாது. பிரிட்ஜில் இப்போது யார் இருக்கிறார் என்று கேட்க முடியும். நான்காவது தடவையானாலும் கேட்க முடியும். ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து நிமிடம் தாமதமாகும். இரவில் நான்கு விமான ஏவல் என்றால் இருபது நிமிடம். நிரல் போடுகிறவர் அந்த இருபது நிமிடத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதை அடுக்க வேண்டும்.